பல்கலைக்கழக நூலகத்தில் ரெஃபரன்ஸ் சேவையையும் மாணவர் பயிற்சியையும் எப்படித் திட்டமிட்டு மேம்படுத்துவது?

புதிதாகப் பொறுப்பேற்றிருப்பீர்கள், மேலிடம் திட்ட அறிக்கை கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். எழுத உட்காருவதற்கு முன், மேசையில் கோடு போட்டுக் கேள்விகளை எண்ணும் தாள் இருந்தால் எடுத்து ஓரமாக வையுங்கள்.

வாசகர்கள் வேண்டியதைத் தேட உதவும் ரெஃபரன்ஸ் மேசையில் பதினோரு வருடம் அந்தத் தாளோடு உட்கார்ந்தவன் நான். "பிரிண்டர் எங்கே?" என்றாலும் ஒரு கோடு, ஆய்வு மாணவரோடு முக்கால் மணி நேரம் தேடினாலும் ஒரு கோடு. ஒரு வருடம் கோடுகள் குறைந்தன. இரண்டு பேர் இருந்த மேசையில் ஒருவரை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் கோட்டுக்குப் பதிலாகக் கேள்வியையே நோட்டில் எழுத ஆரம்பித்தேன். என்ன கேட்டார், உண்மையில் என்ன தேவைப்பட்டது, எத்தனை நிமிடம் ஆனது. (வேலையின் கடினத்தை ஆறு படிகளாகப் பிரிக்கும் 'ரீட்' அளவுகோல் ஒன்றும் உண்டு.)

ஒரு மாணவி "உளவியல் புத்தகம் எந்த அலமாரி?" என்று கேட்டார். கை காட்டினேன். இருபது நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். "எதுக்காகத் தேடறீங்க?" என்று அப்போதுதான் கேட்டேன். இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் தூக்கம், ஞாபகசக்தி பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வேண்டுமாம். தலைப்பை முழு வாக்கியமாகக் கேட்லாகில், அதாவது கட்டுரைகளை அல்ல, நூலகத்தின் புத்தகங்களைக் காட்டும் பட்டியலில் அடித்து, ஒன்றும் வராததால் அலமாரியைக் கேட்டிருக்கிறார். நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறோமோ அதற்கேற்பக் கேள்வியைச் சுருக்கிக்கொண்டுதான் வருகிறோம் என்று நூலகத் துறை ஆய்வாளர் ராபர்ட் டெய்லர் 1968லேயே எழுதிவிட்டார். படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

நோட்டைப் புரட்டினால் கேட்லாகில் கட்டுரை தேடியவர்களே பக்கத்துக்குப் பக்கம். நாங்களோ முதல் வாரமே எல்லோரையும் வரிசையாக அழைத்துப் போய் அலமாரியையும் அபராத விதியையும் காட்டிக்கொண்டிருந்தோம். யார் கையிலும் அப்போது அசைன்மெண்ட் இருக்காது. ஒரு பேராசிரியரிடம் பேசி, அவர் தலைப்பு கொடுத்த மறு வாரத்துக்கு எங்கள் பயிற்சி வகுப்பை மாற்றினேன். நாற்பது நிமிடம், பாதி நேரம் நான் வாயே திறக்கவில்லை. அவரவர் தலைப்பை அவரவர் தேடினார்கள். இன்னும் என்ன புரியவில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதி வாங்கினேன். அடுத்த வகுப்பை அதிலிருந்துதான் தயார் செய்தேன்.

பலன்? சில்லறைக் கேள்விகள் நின்றன. கோடு மறுபடி குறைந்தது! நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்குத் தந்த ஐந்து விதிகள் எங்கள் கூட்ட அறைச் சுவரில் தொங்கும். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அதன் கீழே உட்கார்ந்துதான் "ஏன் குறைந்தது?" என்று என்னைக் கேட்டார்கள்.

எண்ணிக்கையே வேண்டாம் என்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். மேசைக்கு எந்த நேரம் ஆள் போடுவது என்று பார்க்க அது வேண்டும்தான். நான் சொல்வது அதை வைத்து மார்க் போடாதீர்கள் என்று.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் டேட்டாபேஸை நடத்தும் கம்பெனிக்காரர்கள் அதன் திரையமைப்பை மாற்ற வகுப்பு தொடங்கும் வாரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். படம் படமாகப் போட்டு அச்சடித்த இருநூறு கையேடுகள் ஒரே இரவில் வீண். இப்போது என் கையேட்டில் படமே கிடையாது.