கெட்ட செய்தி உங்களுக்குக் கடைசியாக வருகிறதா?

தொழில் நடத்தும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தரும் பகுதி இது. இம்முறை பெரும்பாலான கடிதங்கள் பணியிடச் சூழலைப் பற்றியே இருந்தன. பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், எழுதியவர்களின் தொழிலை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் அச்சகத்தில் முப்பது பேர் வேலை செய்கிறார்கள். வாரந்தோறும் கூட்டம் நடத்தி, "எதையும் தயங்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. வெளியே போய்ப் புலம்புவதாக மட்டும் காதில் விழுகிறது. என் மீது ஏன் இவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை?
– அச்சக உரிமையாளர்

பதில்: உங்கள் ஊழியர்கள் உங்களை நன்றாகக் கவனித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் நீங்கள் விடுக்கும் அழைப்பைவிட, கெட்ட செய்தியோடு யாராவது உங்கள் மேசைக்கு வந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்தான் அவர்கள் நினைவில் நிற்கிறது.

வியாழக்கிழமை அனுப்ப வேண்டிய புத்தகங்களின் அட்டையில் லேமினேஷன் ஓரத்தில் உரிகிறது என்று புதன்கிழமை மாலை பைண்டிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்து சொல்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். "இதை இப்போது வந்து சொல்கிறீர்களே" என்று நீங்கள் குரலை உயர்த்தாமலேயே கேட்டாலும், அவர் அன்றைக்கே ஒரு பாடம் கற்றுவிடுவார். அடுத்த முறை அட்டை உரிந்தால் பசையைத் தடவிக் கட்டி அனுப்பிவிடுவார். அந்தப் பழுதை நீங்கள் வாடிக்கையாளரின் வாயிலிருந்து தெரிந்துகொள்வீர்கள். அதே இடத்தில் "எத்தனை பிரதிகள்? எப்போது கவனித்தீர்கள்? இப்போது என்ன செய்தால் சரியாகும்?" என்று கேட்டிருந்தால், மறுமுறை அவர் செவ்வாய்க்கிழமையே வந்திருப்பார். யார் தவறு என்ற விசாரணை அவசியம்தான். ஆனால் அது புத்தகக் கட்டுகள் வெளியே போன பிறகு நடக்க வேண்டிய வேலை.

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கெடுத்துப் பார்த்தபோது, நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் நேர்ந்த பிழையை நேர்ந்தபடி சொல்ல முடிந்தது. மற்ற குழுக்களில் பயந்து மறைத்தார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். ஆகவே, குறையே காதில் விழாத நிறுவனத்தின் உரிமையாளர் நிம்மதியாக இருப்பதற்குப் பதில் சற்றுக் கவலைப்படுவது நல்லது.

நடைமுறைக்கு வருவோம். "எதையும் சொல்லுங்கள்" என்பது மிகப் பெரிய கேள்வி; அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "இந்த வாரம் எந்த வேலை தாமதமாகும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது?" என்று கேளுங்கள். கூட்டத்தில் கேட்பதைவிட, இயந்திரத்தின் அருகில் போய் நின்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பது மேலும் பயன் தரும். கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலாளி முதலில் பேசிவிட்டால் மற்றவர்களுக்கு மிஞ்சுவது தலையாட்டும் வேலை மட்டுமே. யாராவது ஒரு குறையைச் சொன்னால், ஒரு வாரத்துக்குள் அதற்கு என்ன ஆயிற்று என்பதை அவரிடமே தெரிவியுங்கள். முடியாது என்பதுதான் பதில் என்றாலும், காரணத்தோடு அதைச் சொல்லிவிட்டால் அவர் மறுபடியும் வருவார்; பதிலே வராத பெட்டியில் இரண்டாவது கடிதத்தை யாரும் போடுவதில்லை.

கேள்வி: தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி வகுப்புகளுக்கெல்லாம் போய்விட்டேன். என் பிரச்சினை நான் அல்ல, என்னிடம் உள்ள ஆட்கள். பொறுப்பு கிடையாது, சொல்லாமல் விடுப்பு எடுக்கிறார்கள். ஆட்களை மாற்றாமல் பணிப் பண்பாட்டை மாற்ற முடியும் என்பதற்கு ஏதாவது சான்று உண்டா?
– உதிரிபாகப் பட்டறை நடத்துபவர்

பதில்: உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் ஆலை இருந்தது. திடீர் வேலைநிறுத்தம், ஓயாத சண்டை, மட்டமான தரம் என்று பெயரெடுத்த அந்த ஆலையில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள் சாதாரணம். 1982-ல் அதை மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 'நும்மி' என்ற பெயரில் அதே கட்டடத்தைத் திறந்தபோது, அதே தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, வேலைக்குச் சேர்த்தவர்களில் பெரும்பாலோரைப் பழைய தொழிலாளர்களிலிருந்தே எடுத்தார்கள். நிர்வாகத்தை நடத்தியது டொயோட்டா. சில ஆண்டுகளுக்குள் அங்கே தயாரான கார்களின் தரம் ஜப்பானிய ஆலைகளின் தரத்தை நெருங்கியது. சொல்லாமல் வராமல் போகும் வழக்கமும் வெகுவாகக் குறைந்தது.

என்ன மாறியது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பழைய ஆலையில் அசெம்பிளி வரிசையை நிறுத்துவது தொழிலாளி செய்யக்கூடாத குற்றம். பழுதோடு போகும் காரை வரிசையின் முடிவில் திருத்திக்கொள்ளலாம் என்பதே விதி. புதிய ஆலையில் ஒவ்வொருவரின் கைக்கும் எட்டும்படி ஒரு கயிறு தொங்கியது. பழுது கண்ணில் பட்டால் அதை இழுக்க வேண்டும். இழுத்தவுடன் குழுத் தலைவர் உதவிக்கு வருவார். குறித்த நேரத்துக்குள் இருவராலும் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசை நிற்கும். ஆலையை நிறுத்தும் உரிமையைக் கடைநிலைத் தொழிலாளியிடம் கொடுக்கும் நிர்வாகம், அவரை நம்புகிறோம் என்று சுவரில் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. 1980-களின் இறுதியில் விற்பனை சரிந்தபோதும் ஆட்களைக் குறைக்காமல், உபரியாக இருந்தவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கொடுத்த வாக்கு நிற்குமா என்று தொழிலாளர்கள் சோதித்துப் பார்த்த நேரம் அதுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கண்ணெதிரே இவ்வளவும் நடந்தும், ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் திணறியது. கயிற்றைக் கட்டுவது சுலபம். இழுத்தவரைச் சூப்பர்வைசர் முறைக்காமல் இருப்பது கடினம். உங்கள் பட்டறையில் விடுப்பைப் பற்றி விதி எழுதும் முன், கடைசியாக முன்கூட்டியே விடுப்புக் கேட்டவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று விசாரித்துப் பாருங்கள். கேட்டவருக்கு மறுப்பும் ஏச்சும், கேட்காமல் நின்றவருக்கு ஒரு நாள் சம்பளப் பிடித்தம் மட்டும் என்றால், உங்கள் ஆட்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் விற்பனையில் பெரும்பகுதியை ஒரே மேலாளர் கொண்டுவருகிறார். ஆனால் கீழே இருப்பவர்களை எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துகிறார். இரண்டு நல்ல பெண் ஊழியர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவரைக் கண்டித்தால் வாடிக்கையாளர்களோடு போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
– சேவை நிறுவன இயக்குநர்

பதில்: உங்களுக்கு அந்தப் பயம் இருப்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், அந்த மேலாளருக்கு இன்னும் நன்றாகவே தெரியும். போன இருவரும் அவரிடமிருந்து மட்டும் போகவில்லை, பார்த்துக்கொண்டிருந்த உங்களிடமிருந்தும் போயிருக்கிறார்கள்.

அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 1987-ல் ஏற்ற பால் ஓ'நீல், இலாபத்தைப் பற்றிப் பேசாமல், தொழிலாளர் காயமடைவதை அறவே ஒழிப்பதே தன் முதல் இலக்கு என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் விழித்தார்கள். ஆனால் அவர் சொன்னதை நிறுவனம் உண்மையிலேயே நம்பியதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒன்பது ஆண்டுகள் கழித்து நடந்தது. மெக்சிகோ ஆலை ஒன்றில் வாயுவால் தொழிலாளர்கள் உடல்நலம் குன்றிய செய்தியை மேலே தெரிவிக்காத ஓர் உயர் நிர்வாகியை 1996-ல் அவர் பதவியிலிருந்து நீக்கினார். தன் பிரிவின் வருமானத்தைப் பெருமளவு வளர்த்தவர் அவர், வெளியாட்கள் வியந்தார்கள். உள்ளே இருந்தவர்களோ, இதைத் தவிர வேறு முடிவை எதிர்பார்த்திருக்க முடியாது என்ற நிலைக்கு அதற்குள் வந்துவிட்டிருந்தார்கள்.

உங்கள் மேலாளரை நாளையே நீக்குங்கள் என்று சொல்லவில்லை. முதலில் அவரைத் தனியாக அழைத்து, 'உங்கள் நடத்தை சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த நாளில், யாரிடம், எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதைக் குறிப்பிட்டு, அது இனி நடக்கக்கூடாது என்பதையும் நடந்தால் என்ன ஆகும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதை எழுத்திலும் கொடுங்கள். அதே வாரத்தில், அவர் கையாளும் முக்கிய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் இன்னோர் ஊழியரை அறிமுகப்படுத்துங்கள், நீங்களும் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். அவர் நல்லவராக இருந்தாலும் இதை நீங்கள் எப்போதோ செய்திருக்க வேண்டும். ஒரே ஆளின் கைபேசியில் இருக்கும் தொழிலை நிறுவனம் என்று சொல்ல முடியாது. மறுபடியும் அவமதித்தால், சொன்னதைச் செய்யுங்கள். அந்த இரண்டு பெண்களையும் தொலைபேசியில் அழைத்து, நடந்தது தவறு என்று சொல்லும் கடமை தனியாக இருக்கிறது. அவர்கள் திரும்பி வருவார்களா என்பது வேறு விஷயம்.

கேள்வி: 'மாதத்தின் சிறந்த ஊழியர்' விருது கொடுக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: கொடுக்கலாம், பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். நான்காவது மாதத்தில் அது முறை வைத்துக் கொடுக்கும் சடங்காகிவிடும். வேலை முடிந்த அன்றைக்கே, எது நன்றாக இருந்தது என்பதைக் குறிப்பிட்டுப் பாராட்டுவதற்கு விழா தேவையில்லை.

கேள்வி: ஒவ்வொருவருக்கும் கடுமையான இலக்கு வைத்து, அடைந்தால் ஊக்கத்தொகை, தவறினால் எச்சரிக்கை என்று நடத்துகிறேன். எண்ணிக்கை ஏறுகிறது, புகார்களும் ஏறுகின்றன.
– விற்பனை முகவாண்மை நடத்துபவர்

பதில்: நீங்கள் கேட்டது எண்ணிக்கை, அதைத்தான் தருகிறார்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மேலும் மேலும் கணக்குகளை விற்கும்படி கிளை ஊழியர்களை நெருக்கியது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் இலட்சக்கணக்கில் கணக்குகள் தொடங்கப்பட்டன. 2016-ல் விஷயம் அம்பலமாகி 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, இந்த விவகாரத்தில் சில ஆண்டுகளாக 5,300 பேர் வரை வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. இத்தனை ஆயிரம் பேரைத் தனித்தனித் தீயவர்கள் என்று கொள்வது கடினம். இலக்கை வைத்தவர்களின் பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. வங்கியின் தலைவரும் அடுத்த மாதமே பதவி விலகினார்.

இலக்கே கூடாது என்பதல்ல என் கருத்து. ரத்தான ஆர்டர்களையும் திரும்பி வந்த புகார்களையும் கழித்த பிறகு நிற்கும் விற்பனைக்கு ஊக்கத்தொகை கொடுங்கள். இலக்கைத் தவறவிட்டவரிடம் எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டும் முன், எந்த இடத்தில் தடை என்று கேளுங்கள். இலக்கைக் குறிக்கும்போதும் அவரைக் கேட்டே குறியுங்கள்.

கேள்வி: எல்லா முடிவுக்கும் என்னிடமே வருகிறார்கள். இரண்டு நாள் வெளியூர் போனால் நாற்பது அழைப்புகள். பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்தும் பயனில்லை.
– கட்டுமான ஒப்பந்ததாரர்

பதில்: வேலையைப் பகிர்ந்து கொடுத்திருப்பீர்கள், அதிகாரத்தைக் கொடுத்தீர்களா? வந்த நாற்பது அழைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, எதை யார் கேட்டார்கள் என்று குறியுங்கள். நான்கைந்து வகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்: இந்தத் தொகைக்கு வாங்கலாமா, ஆள் வரவில்லை யாரைப் போடுவது, வாடிக்கையாளர் மாற்றம் கேட்கிறார் என்பன போல. ஒவ்வொரு வகைக்கும் எந்த அளவு வரை யார் முடிவெடுக்கலாம் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடினமான பகுதி அதன் பிறகுதான் தொடங்குகிறது. உங்கள் மேற்பார்வையாளர் எடுக்கும் முதல் சில முடிவுகள் நீங்கள் எடுத்திருக்கக்கூடியவை போல இருக்கமாட்டா. ஆபத்தோ பெரிய நஷ்டமோ இல்லாத வரை அவற்றை மாற்றாதீர்கள். ஆட்களின் முன்னால் ஒரு முறை மாற்றிவிட்டால், மறுநாளிலிருந்து எல்லா அழைப்பும் மறுபடி உங்களுக்கே வரும். அவரைத் தாண்டி நேராக உங்களிடம் வருபவரை, கோபிக்காமல், "அவரிடம் கேட்டீர்களா?" என்று திருப்பி அனுப்புங்கள். எல்லோருக்கும் நாம் தேவைப்படுகிறோம் என்ற எண்ணத்தில் ஒரு சுகம் இருக்கிறது. பல முதலாளிகள் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

கேள்வி: அப்பாவுக்குப் பின் நிறுவனத்தை நான் ஏற்றிருக்கிறேன். அவர் காலத்து மூத்த ஊழியர்கள் எதைச் சொன்னாலும், "ஐயா இருந்தபோது இப்படிச் செய்ய மாட்டார், பாப்பா" என்கிறார்கள்.
– இளம் நிர்வாகி

பதில்: 'பாப்பா' என்று அழைப்பதைப் பொதுவில் திருத்த வேண்டாம். தனியாக, மரியாதையோடு, வெளியாட்கள் முன்னிலையில் மட்டும் பெயர் சொல்லி அழைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வளர்த்தவர்களுக்கு அது புரியும். "ஐயா ஏன் அப்படிச் செய்யமாட்டார்?" என்று உண்மையாகவே கேளுங்கள். பாதி நேரம் நல்ல காரணம் ஒன்று கிடைக்கும். அதை ஏற்று உங்கள் திட்டத்தைத் திருத்தினால், மீதிப் பாதியில் நீங்கள் சொல்வதற்கு அவர்கள் இடம் கொடுப்பார்கள். முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் மாற்ற முனையாதீர்கள். ஊழியர்களே நெடுநாளாக அலுத்துக்கொள்ளும் ஒரு தொல்லையைத் தேர்ந்தெடுத்து, அதை முழுவதுமாகத் தீர்த்துக் காட்டுங்கள்.

கேள்வி: இரவில் தோன்றும் யோசனைகளை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அப்போதே போட்டுவிடுகிறேன். பதிலை உடனே எதிர்பார்ப்பதில்லை. தவறா?
– ஒரு வாசகர்

பதில்: நீங்கள் எதிர்பார்க்காவிட்டாலும், முதலாளியின் செய்தி பதினொரு மணிக்கு வந்தால் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்து பதில் எழுதுவார்கள்; மீதிப் பேர் எழுதவில்லையே என்று தூங்காமல் இருப்பார்கள். யோசனையை உங்களுக்கே அனுப்பிவைத்துக்கொண்டு, காலையில் குழுவில் போடுங்கள். விடிந்து பார்க்கும்போது அவற்றில் சில போடத் தேவையற்றவை என்பதும் தெரியவரும்.