தோள்சீலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் பற்றிக் கல்லூரியில் பேசவிருக்கிறேன். பெண்கள் மானம் காக்க நடத்திய போராட்டம் என்றும், அவர்களுக்கு உடை அளித்தவர்கள் மிஷனரிகள் என்றும் சொல்லலாமா? முலைவரியை எதிர்த்துத் தன் மார்பையே அறுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் நங்கேலியின் கதையிலிருந்து தொடங்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

சில காலமாக நானும் இதையே எண்ணிக்கொண்டிருப்பதால் உடனே எழுதுகிறேன். நங்கேலி கதை செவிவழி வந்தது. ஆவணங்கள் மிகுந்த வரலாற்றை அதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மிஷனரிகளைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று.

ஆனால் ‘மானம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. படிக்கிற பிள்ளை இப்படி மேடைப்பேச்சை அப்படியே வாங்கிக்கொள்ளலாமா? அன்றைய திருவிதாங்கூரில் திறந்த மார்பு வெட்கத்துக்குரியதாகக் கருதப்படவில்லை. நாயர் பெண்களும் தம்மைவிட மேலானவர்கள் முன் மேலாடையை விலக்கித்தான் நின்றார்கள். யார் முன்னால் யார் மூடலாம் என்பதே அங்கே சட்டமாக இருந்தது. திருவிதாங்கூரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்திலேயே, 1810களில், கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்துவிட்டது. குட்டைக்கை வைத்துத் தைத்த அந்தத் தளர்வான சட்டை உடலை மறைக்கப் போதுமானது. மறைப்பது மட்டுமே நோக்கமென்றால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவர்களோ சட்டைக்கு மேல், நாயர் பெண்களைப் போலவே, தோளில் ஒரு சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அடி விழுந்ததும் துணி கிழிக்கப்பட்டதும் அந்தச் சீலைக்காகத்தான். 1829இல் அரசாணை தடை செய்ததும் அதைத்தான்.

இரணியல் பக்கத்தில் என் பாட்டி, ரவிக்கைக்கு மேல் வெள்ளை நேரியலை மடித்துப் போடாமல் வாசல் தாண்ட மாட்டார். வேர்த்து வழிகிற சித்திரையில் ஒருமுறை ஏனென்று கேட்டேன். “மேல்சீல இல்லாம எப்பிடி மக்கா தெருவுல எறங்குவேன்?” என்றார். கூச்சத்தால் சொன்னதில்லை அது. தலை நிமிர்ந்துதான் சொன்னார்.

சென்னை கவர்னர் ட்ரெவெலியனின் நெருக்குதலுக்குப் பின் 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனத்தையும் தவறாமல் படியுங்கள். நாடார் பெண்கள் சட்டை போடலாம், மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது என்கிறது அது. அனுமதி கிடைத்த ஆண்டு என்று 1859ஐக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை விழுங்கிவிடுகிறார்கள். நீங்கள் அதை முழுதாக வாசித்துக் காட்டுங்கள், அம்மா.