பாரிமுனைக்கு விருந்தாளிகளை அழைத்து வரலாமா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்குப் பழைய சென்னையைக் காட்ட ஆசை. ஆனால் பாரிமுனை, ஜார்ஜ் டவுன் என்றால் குப்பை, நெரிசல் என்கிறார்கள். அந்தப் பக்கம் பாதுகாப்பானதுதானா என்றும் தெரியவில்லை. வருகிறவர்கள் முகம் சுளிக்காதபடி அந்த இடத்தை வைத்திருக்க என்னதான் வழி?

பதில்:

நீங்கள் அடையாறிலோ வேளச்சேரியிலோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 'அந்தப் பக்கம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. எங்களுக்கு அது இந்தப் பக்கம். ஆண்டர்சன் தெருவில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. ஆகையால் கொஞ்சம் சூடாகப் பதில் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குப்பை. மாநகராட்சிதான் காரணம் என்று நானும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இந்தியாவின் முதல் மாநகராட்சி 1688-ல் இங்கே கோட்டைக்குப் பக்கத்தில்தான் பிறந்தது. முந்நூறு வருடத்தில் ஒரு தெருவைப் பெருக்கத் தெரியவில்லையா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசியிருக்கிறேன். அந்த வாயை மூடிவிட்டது ஒரு மழைநாள்.

ஐப்பசி மாதம். விருத்தாசலத்திலிருந்து ஒரு குடும்பம் பத்திரிகை பார்க்க வந்திருந்தது. அப்பா, அம்மா, கல்யாணப் பெண் மூவரும். ஆயிரத்து இருநூறு பத்திரிகை என்றார்கள். இந்தக் காலத்தில் அது எப்பேர்ப்பட்ட எண்ணிக்கை என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, 'இதையே நேரில் வந்து அழைத்ததாக எண்ணிக்கொள்ளவும்' என்று முடித்துவிடுகிறார்கள். மாமனுக்கும் அதே படம், மளிகைக் கடைக்காரருக்கும் அதே படம். மஞ்சள் தடவிய ஓரம் எங்கே, தாம்பூலத்தில் வைத்து நீட்டுவது எங்கே! சரி, அது வேறு புலம்பல், விடுங்கள்.

தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள் என் மனைவியிடம் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். கழிப்பறை. எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒன்று இருந்தது, ஆனால் அது ஆண்கள் மட்டும் புழங்கிய இடம். அதைக் காட்ட என் மனைவிக்கே கூச்சம். கடைப் பையனைத் துணைக்கு அனுப்பி, பக்கத்தில் இருந்த ஓர் உணவகத்துக்குப் போகச் சொன்னேன். சாப்பிட வருகிறவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்களாம். வேண்டாத ஒரு காபியை வாங்கிக் குடித்துவிட்டு, அதற்குப் பிறகு போய்விட்டு, முழங்கால் வரை நனைந்த புடவையோடு திரும்பி வந்தார் அந்த அம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

அதே நேரத்தில் வாசலில், வடிகால் வாயில் அடைத்திருந்ததை ஒரு தூய்மைப் பணியாளர் குனிந்து கையால் இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார். கையுறை இருந்தது, ஒரு கையில் மட்டும். கம்பிக்குள்ளிருந்து நீளநீளமாகச் சிவப்பும் தங்க நிறமுமாக வந்துகொண்டே இருந்தது. பத்திரிகை அட்டையை அளவுக்கு வெட்டும்போது விழும் சீவல். வெள்ளைக் காகிதச் சீவல் எடைக்குப் போய்விடும், ஒரு துண்டு தெருவுக்கு வராது. ஜிகினா ஒட்டியதையும் வெல்வெட் அட்டையையும் யாரும் வாங்க மாட்டார்கள். அதைப் பையன் காலையில் கடையைப் பெருக்கும்போது அப்படியே வாசலுக்குத் தள்ளுவான். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

சீவலோடு ஒரு முழு அட்டையும் வந்தது. அச்சுப் பிழைக்காகக் கழித்துப்போட்டது. பிள்ளையார் படம், அதன் கீழே மணமக்கள் பெயர், பின்பக்க மூலையில் என் கடைப் பெயர். அவர் அதைத் தண்ணீரில் அலசி, படி மேல் வைத்துவிட்டு, "அண்ணா, சாமி படம் இருக்கிறது. இதையாவது தனியாக வைக்கக் கூடாதா?" என்றார். கோபம்கூட இல்லை.

விருத்தாசலத்துப் பெரியவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்துவிட்டார். அவர்கள் திரும்பி வரவில்லை.

இதைப் படித்துவிட்டு, 'ஒரு சீவலுக்காகத் தெருவே நாறுகிறதா, அரசுக்கு வக்காலத்து வாங்குகிறாயா' என்று யாராவது கேட்பார்கள். வாங்கவில்லை. வடிகாலில் கையை விட்டுத்தான் ஒருவர் அடைப்பு எடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது. நான் சொல்வது நேரக்கணக்கு. எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் வண்டி காலை ஏழு மணிக்குள் வந்து போய்விடும். கடை திறப்பதோ பத்து மணிக்கு. பத்தேகால் வரை தெரு சுத்தமாக இருக்கும். அதன் பிறகு நூறு கடைக்காரர்கள் நூறு துடைப்பத்தால் தங்கள் கடையைச் சுத்தமாக்கித் தெருவை அழுக்காக்குவோம். அது மறுநாள் காலை வரை கிடக்கும். நயினியப்ப நாயக்கன் தெருவானால் மருந்து அட்டைப்பெட்டி, கோடவுன் தெருவானால் துணிக்கட்டின் பிளாஸ்டிக் உறை, பூக்கடைப் பக்கம் வாடிய சாமந்தி. குப்பையைப் பார்த்தே தெருவின் பெயரைச் சொல்லிவிடலாம்.

ஆள் கூட்டம் குறைந்தால் சரியாகும் என்பதும் நடந்து பார்த்த கதைதான். கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-ல் வெளியூர் பஸ்களும் போய்விட்டன. இனி இங்கே குப்பையே இருக்காது என்று என் பழைய முதலாளி அன்று சொன்னார். அழுகிய முட்டைக்கோஸ் போனது, தெர்மோகோல் வந்தது.

அந்த மழைக்குப் பிறகு நானும் பக்கத்தில் ஏழு கடைக்காரர்களும் பேசிக்கொண்டோம். பெருக்கியதைச் சாக்கில் கட்டி உள்ளேயே வைப்பது, காலையில் வண்டி வரும்போது எடுத்துக்கொடுக்க முறை வைத்து ஒருவர் சீக்கிரம் வருவது. ஏழு பேரில் நான்கு பேர் இன்னும் செய்கிறார்கள். மற்ற மூவர் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது என்றேன்; பிரித்தாலும் எல்லாம் கொடுங்கையூருக்குத்தானே போகிறது என்றார் ஒருவர். கொடுங்கையூர்க் கிடங்கு எரியும்போது அந்தப் புகையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அவருக்கு என்ன சொல்வது?

2025 ஆகஸ்டில், எங்கள் ராயபுரம் மண்டலத்திலும் திரு.வி.க. நகர் மண்டலத்திலும் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்தின் முன் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் எங்கள் தெரு ஒரு நாளைக்கு எவ்வளவு போடுகிறது என்று கண்ணால் பார்த்தேன். அட்டையை அலசி வைத்த அந்தப் பெண்மணியை அதற்குப் பிறகு எங்கள் தெருவில் காணவில்லை. யாரிடமாவது விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். என் மகள் கல்லூரி முடித்து மண்ணடி மெட்ரோவில் இறங்கி, இரவு எட்டு மணிக்குத் தனியாக நடந்து கடைக்கு வருவாள். ஒரு பயமும் இல்லை. ஒன்பதரைக்குப் பிறகு வரச் சொல்ல மாட்டேன். ரவுடி யாரும் காத்திருக்கவில்லை. இங்கே கடை விளக்குதான் தெரு விளக்கு. ஷட்டர் இறங்கினால் சந்தே கறுத்துப்போகும், சரக்கு இறக்கும் லாரிகளும் மீன்பாடி வண்டிகளும் மட்டும் இருக்கும். அந்த நேரத்திலும் தெருமுனையில் எண்ணெய்ச் சட்டியோடு ஒரு பஜ்ஜிக் கடைப் பாட்டி இருப்பார். என் மகள் பிந்தினால் அவர் பக்கத்தில்தான் நிற்பாள். நடைபாதைக் கடைகளை எல்லாம் தூக்கினால் ஊர் அழகாகிவிடும் என்கிறவர்களுக்கு நான் அந்தப் பாட்டியைத்தான் காட்டுவேன். நடக்க வழி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் 2014-ல் சட்டம் போட்டு, எங்கே கடை இருக்கலாம் என்று பேசும் குழுவில் வியாபாரிகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

கழிப்பறை? இரண்டாம் மாடியில் இருந்ததைக் கழுவி, தாழ்ப்பாள் மாற்றி, சாவியில் ஒரு நீல மரக்கட்டையைக் கட்டிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். பெண்கள் யார் கேட்டாலும் கொடுப்போம், பத்திரிகை வாங்க வேண்டியதில்லை. சாவி இரண்டு முறை தொலைந்தது. சோப்பு வாரத்துக்கு மூன்று முறை தொலைகிறது. தண்ணீர் வராத நாளில் குடம் தூக்க வேண்டும், கட்டட உரிமையாளரிடம் பேச்சும் வாங்க வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

உங்கள் நண்பர்களைத் தாராளமாக அழைத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்குங்கள். 1914-ல் எம்டன் கப்பல் குண்டு போட்டதற்கான கல்வெட்டு நீதிமன்ற மதிலில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர் கோவிலும் அந்தோணியார் கோவிலும் கச்சாலீஸ்வரரும் ஒரே தெருவில் இருப்பதைக் காட்டுங்கள். அப்படியே தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். பெரும்பாலான கடைகள் மூடியிருப்பதால் மாடிகளின் பழைய மரச் சன்னல்கள் கண்ணில் படும். வார நாளில் மேலே பார்த்து நடந்தால் வண்டி இடித்துவிடும்.

ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையும் விடுமுறை, சாவி உள்ளே மாட்டியிருக்கும். நண்பர்களை வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.