முகாமில் பிறந்தவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்குமா?

கேள்வி: என் பெற்றோர் 1984-இல் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். நான் 1986-இல் ராமேஸ்வரம் அரசு மருத்துவமனையில் பிறந்தேன். தம்பி 1989-இல். இன்னும் முகாமில்தான் இருக்கிறோம். பெற்றோரை ராமநாதபுரத்துக்காரர்கள் என்று காட்டி எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துத் தர ஒரு புரோக்கர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சட்டப்படி உங்களுக்கு உள்ள உரிமையைத் திருட்டுச் சரக்காக்கி உங்களிடமே விற்கப் பார்க்கிறார்.

26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம். பெற்றோர் அகதிகளா என்று அது கேட்பதில்லை. கேட்பது பாஸ்போர்ட் ஆபீஸ் கவுன்டர்தான், முகாம் அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட்டுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய் 2022-இல் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் ஒரே வரி. அதைப் படிக்கவைக்க ஒரு வழக்கு!

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்துச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இடம் காலியாகவே இருக்கும். அம்மா அதில் 'ராசாத்தி', முகாம் அட்டையில் 'ராஜாத்தி' என்று இருப்பார். இதையெல்லாம் முன்பே திருத்திவிடுங்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றால் தாமதப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

ஆதார் இருந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார் புரோக்கர். ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல. பொய் விவரம் கொடுத்துப் பாஸ்போர்ட் எடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. உள்ளே போவது நீங்கள். அவர் அடுத்த முகாமில் இருப்பார். அதைவிட மோசம், பெற்றோர் பெயரை மாற்றிவிட்டால் உங்களுக்குச் சாதகமான அந்தப் பிறப்புச் சான்றிதழையே நீங்கள் பிறகு காட்ட முடியாது.

தம்பிக்கு இந்த வழி இல்லை. 1.7.1987 முதல் விதி மாறிவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை தரும் நாடுகளிலும் இலங்கை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பெற்றோர் மலையகத்தவரா, அதாவது இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்களா? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்றும், கலவரத்தில் படகேறி வந்து அகதியாகவே பதிவானவர்கள் உண்டு. தம்பி பிறந்தபோது அப்பா, அம்மா இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால் தம்பியும் குடிமகன்தான். டிரங்குப் பெட்டியின் அடிவரை தேடுங்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டின் ஒரு பக்கம் கிடைத்தாலும் லேமினேட் செய்யாமல் அப்படியே வையுங்கள்.

அப்புறம், விண்ணப்பத்தை வாய்மொழியாக மறுத்தால் நகராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.