பேராதனை முதிரைப் பாலம்: கேளுங்கள், சொல்கிறேன்

வீதி வேலைகளுக்குப் படம் வரைந்து இளைப்பாறியவன் நான். மலையகத்துப் பாலங்கள் பற்றிக் கேட்டால் சொல்வேன்.

கம்பளைத் தங்கச்சி: பேராதனையில் ஆணியே அடிக்காத மரப் பாலம் இருந்ததாமே, கதையா?

கதை இல்லை, தங்கச்சி. லெப்டினன்ட் கேணல் ஜோன் பிரேசர் வடிவமைத்தது, 1833இல் முடிந்தது. மகாவலிக்குக் குறுக்கே ஒரே வளைவு, 205 அடி, முதிரை மரம். ஆணி இல்லாமல் எப்படி நின்றது? இரண்டு கைகளின் விரல்நுனிகளையும் முட்டவைத்துக் கூரைபோலப் பிடியுங்கள். மேலிருந்து ஒருவர் அழுத்தட்டும். விரல்கள் பிரியாது, முழங்கைகள்தான் வெளியே தள்ளும். வளைவும் அப்படித்தான். பாரம் ஏற ஏறத் துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கும். முழங்கையைப் பிடிக்கும் வேலை இரு கரைக் கட்டுகளுக்கு. நடுவில் தூண் வைத்திருந்தால், வெள்ளத்தில் வரும் மரமும் மூங்கிலும் அதில் சிக்கி அணைபோல நின்றிருக்கும்.

அப்புறம், பாலத்தடியில் குளிக்க இறங்காதீர்கள். இங்கே மழை இல்லை என்பது கணக்கே இல்லை. மேலே கொத்மலை அணையில் கதவு திறந்தால் போதும்.

ஹட்டன் தம்பி: ஒன்பது வளைவுப் பாலம்?

அது தெமோதரையில் பள்ளத்தாக்கைக் கடக்கும் ரயில் பாலம். 1921.

பண்டாரவளைத் தம்பி: ஒன்பது வளைவுப் பாலத்தில் ஆணி…

மேலே பாருங்கள். கல், செங்கல், சீமெந்து. தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள்.

பதுளை அக்கா: எங்கள் ஹாலிஎல பக்கத்துப் போகொடப் பாலம்?

அருமையான கேள்வி. அதற்குக் கூரை இருக்கிறது, அக்கா. மழை நேரே விழாததால்தான் மரம் இவ்வளவு காலம் தாங்குகிறது.

மாத்தளைத் தச்சர் அண்ணன்: முதிரையும் பாலையும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை! பாலை சிங்களத்தில் பலு, முதிரை புருத்த. பாலை கருஞ்சிவப்பு. முதிரை பொன்மஞ்சள், இழைத்தால் பட்டுப்போல மினுங்கும். இரண்டும் வன்னிப் பகுதி போன்ற வறண்ட காடுகளின் மரங்கள் என்பதால்தான் குழப்பம்.

மாத்தளைத் தச்சர் அண்ணன்: பாட்டியின் அலுமாரி முதிரை என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். சிவப்பாக இருக்கிறதே!

வெளியே பூசிய பொலிஷை நம்பாதீர்கள், அண்ணன். நீங்களே தச்சர். லாச்சியை இழுத்து, உள்பக்கம் கொஞ்சம் சுரண்டிப் படம் அனுப்புங்கள்.

தெல்தெனியத் தம்பி: ஒன்பது வளைவு…

அடுத்தவர்.

மாத்தளைத் தச்சர் அண்ணன்: சுரண்டினேன். மஞ்சள்!

நான் சொன்னேனே!