ஒரே வேடத்தில் முத்திரை விழுந்த அமெரிக்க நடிகர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

பீட்டர் ஃபால்க். வேறு பெயர் யோசிக்கவே வேண்டாம்.

யார் அது என்று கேட்பவர்களுக்கு: கசங்கிய மழைக்கோட்டு, பாதி எரிந்த சுருட்டு, கதவு வரை போய்விட்டு நெற்றியைத் தேய்த்தபடி திரும்பி வந்து "இன்னும் ஒரே ஒரு விஷயம், சார்" என்று கேட்கும் போலீஸ்காரர். லெஃப்டினன்ட் கொலம்போ. கொழும்பு இல்லை, கொலம்போ. நான் இந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே "எப்போ சிலோனுக்கு டிக்கெட்?" என்று வீட்டில் கிண்டல் ஆரம்பித்துவிடும்.

2020 ஊரடங்கில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். 1971-இல் தொடங்கிய தொடர், அந்தக் காலத்து நிதானத்தில்தான் நகரும். பல கதைகளில் முதல் இருபது நிமிடம் கதாநாயகன் முகத்தையே காட்ட மாட்டார்கள். கொன்றது யார், எப்படிக் கொன்றார், தடயத்தை எப்படி மறைத்தார், எல்லாம் நம் கண்ணெதிரே நடந்துவிடும். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு மிச்ச நேரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மிச்ச நேரம் முழுக்க ஃபால்க் இருந்தார். அன்று இரவு மூன்று கதை பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

நடிகரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தது அப்புறம்தான். நான் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுபவன். அதனால்தானோ என்னவோ, அவர் நடிகர் ஆவதற்கு முந்தைய பகுதிதான் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது.

1927-இல் நியூயார்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் வலது கண்ணில் புற்றுநோய் வந்து, கண்ணையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கச் செயற்கைக் கண்தான். இதைக் கேட்டதும் நாம் "ஐயோ பாவம்" என்போம். அவரே பேட்டியில் சொன்ன கதை வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் ஆட்டம். மூன்றாவது பேஸில் இவர் அவுட் என்று அம்பயர் கையைக் காட்டிவிட்டார். தான் அவுட் இல்லை என்பதில் இவருக்குச் சந்தேகமே இல்லை. கண்ணைக் கழற்றி அம்பயரிடம் நீட்டி, "இந்தாங்க, இதைப் போட்டுப் பாருங்க" என்றாராம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது.

ஒற்றைக் கண்ணால் ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. வணிகக் கப்பலில் சமையல்காரராகப் போனார். திரும்பி வந்து படித்து, 1953-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார். சி.ஐ.ஏ. வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். கப்பலில் வேலை செய்தபோது இடதுசாரிச் சாயல் கொண்ட சமையல்காரர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார் என்று அங்கே கதவை மூடிவிட்டார்கள். அப்புறம்தான் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், அரசு பட்ஜெட் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எந்த வேலையை எப்படிச் செய்தால் நேரமும் காசும் மிச்சமாகும் என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் நிபுணர் உத்தியோகம். அந்த நிபுணர் முதல் நாளே அலுவலகக் கட்டடம் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். இதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாமதப் பழக்கம்தான் அவரை நடிகராக்கியது. அதே மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் ஊரில் இவா லே கலியென் என்ற பெரிய நாடக நடிகை தொழில்முறை நடிகர்களுக்காக ஒரு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஃபால்க் அதற்கு முன் நடித்ததெல்லாம் ஹார்ட்ஃபோர்டில் மாலை நேர அமெச்சூர் நாடகங்களில். தானும் தொழில்முறை நடிகர்தான் என்று கூசாமல் சொல்லி வகுப்பில் சேர்ந்துவிட்டார். ஆபீஸ் முடித்து அவ்வளவு தூரம் காரோட்டிப் போவதால் ஒவ்வொரு தடவையும் தாமதம். ஒருநாள் அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். ஏன் லேட்? ஹார்ட்ஃபோர்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஹார்ட்ஃபோர்டில் என்ன செய்கிறீர்கள், அங்கே நாடகக் கொட்டகையே கிடையாதே? வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்: நான் நடிகனே இல்லை. அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படியானால் ஆகியிருக்க வேண்டும்" என்றார். ஃபால்க் ஹார்ட்ஃபோர்ட் திரும்பி ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். வருடம் 1956, வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் நான் வீட்டுக் கடன் படிவத்தில் ஜாமீன்தாரர் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

நியூயார்க் நாடக மேடை அவரை ஏற்றுக்கொண்டது. சினிமாதான் முரண்டு பிடித்தது. கொலம்பியா ஸ்டூடியோ முதலாளி ஹாரி கோன், "இதே காசுக்கு எனக்கு இரண்டு கண் உள்ள நடிகனே கிடைப்பானே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாராம். 1960-இல் 'மர்டர், இன்க்.' என்ற படத்தில் கூலிக் கொலையாளி வேடம் கிடைத்தது. துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. விழாவில் "பீட்டர்..." என்று படிக்க ஆரம்பித்ததும் நாற்காலியை விட்டு எழ ஆரம்பித்தார். "...உஸ்டினோவ்" என்று முடித்தார்கள். உட்கார்ந்த வேகத்தில், தன் விளம்பரத்துக்கென்று அமர்த்தியிருந்த ஆளிடம் "உன் வேலை போச்சு" என்றாராம். அடுத்த வருடமும் பரிந்துரை, அடுத்த வருடமும் வெறுங்கை. ஆனால் 1962-இல் தொலைக்காட்சியில் தக்காளி லாரி ஓட்டுநராக நடித்து எம்மி விருது வாங்கிவிட்டார். பிறகு வக்கீலாக ஒரு தொடர் நடித்தார், ஒரே சீசனில் மூட்டை கட்டினார்கள்.

சரி, கொலம்போவுக்கு வருவோம். பாத்திரத்தை உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரட்டை எழுத்தாளர்கள். அவர்கள் மனதில் இருந்தது வயதான ஆள். பாடகர் பிங் கிராஸ்பியைக்கூடக் கேட்டுப் பார்த்தார்கள், அவர் மறுத்துவிட்டார். 1968 தொலைக்காட்சிப் படத்துக்கு ஃபால்க் வந்தபோது வயது நாற்பது.

அவர் செய்த முதல் காரியம், கொடுத்த உடுப்பை ஒதுக்கியது. அந்த மழைக்கோட்டு அவருடையது. நியூயார்க் 57-ஆம் தெருவில் ஒருநாள் திடீர் மழைக்கு ஒதுங்கியபோது 15 டாலருக்கு வாங்கியது. மழையே பெய்யாத லாஸ் ஏஞ்சலஸில், பணக்கார வீட்டு நீச்சல் குளத்தோரம், உச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பார். காரும் அவர் தேர்வுதான். ஸ்டூடியோ ஷெட்டில் மூலையில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்த ஒரு பழைய பெஜோ 403.

அந்தப் பிரபலமான "இன்னும் ஒரே ஒரு விஷயம்" பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுத்தாளர்கள் ஒரு காட்சியை டைப் அடித்து, கொலம்போவை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் காட்சி நீளம் போதவில்லை என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலம், பக்கத்தை முதலிலிருந்து மறுபடி அடிக்கச் சோம்பல். சரி, அவனையே திரும்ப உள்ளே வரச் சொல்லிவிடலாம் என்று ஒட்டுப் போட்டார்கள். ஒட்டுப் போட்ட இடம்தான் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் ஒட்டை ஒட்டு என்று தெரியாமல் செய்தது ஃபால்க். கவனித்துப் பாருங்கள், நல்ல பதற்றமான கட்டத்தில் பேனா தேடுவார். இந்தப் பையில் இல்லை, அந்தப் பையில் மளிகைச் சீட்டு, கடைசியில் கொலைகாரனிடமே பென்சில் கடன் கேட்பார். இப்படிப் பல இடங்களில் வசனத்தில் இல்லாததைப் படப்பிடிப்பில் திடீரென்று நுழைப்பது அவர் வழக்கம். எதிரில் நிற்கும் நடிகருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது. முகத்தில் வரும் எரிச்சல் நிஜ எரிச்சல். அப்புறம் அந்தக் கண். ஒரு கண் நம்மைப் பார்க்கும், இன்னொன்று எங்கோ நிலைத்து நிற்கும். தலையை லேசாகச் சாய்த்து அவர் பார்க்கும்போது, இந்த ஆளுக்கு ஒன்றுமே புரியவில்லையா, எல்லாமே புரிந்துவிட்டதா என்று எதிராளிக்குத் தெரியவே தெரியாது. எந்தக் கண்ணைக் காட்டி வேண்டாம் என்றார்களோ, அதே கண்.

1971 முதல் 1978 வரை ஒரு சுற்று, 1989 முதல் 2003 வரை இன்னொரு சுற்று. 1968 படத்தையும் சேர்த்து மொத்தம் 69 கதைகள், இந்த வேடத்துக்கு மட்டும் நான்கு எம்மி. (1971 வரிசையின் முதல் கதையை இயக்கியது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்ற 24 வயதுப் பையன்.) புடாபெஸ்ட் நகரில் ஃபால்க் மிக்ஷா தெருவில், பெயர் ஒற்றுமையை வைத்தே, கொலம்போவுக்கும் அவர் நாய்க்கும் 2014-இல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். முத்திரை என்றால் இதற்கு மேல் முத்திரை கிடையாது.

இப்படி முத்திரை விழுந்தவர்கள் பெரும்பாலும் புலம்புவார்கள், அல்லது அதிலேயே கரைந்து போவார்கள். ஃபால்க் அந்தப் பணத்தை எடுத்து வேறு இடத்தில் போட்டார். அவருடைய நண்பர் ஜான் கசவெட்டிஸ், ஸ்டூடியோக்களை அண்டாமல் சொந்தக் காசில் படம் எடுத்த இயக்குநர். 1974-இல் வந்த 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' படத்துக்காகக் கசவெட்டிஸ் வீட்டை அடமானம் வைத்தார். ஃபால்க் தன் பங்குக்கு 5 லட்சம் டாலர் போட்டார். கொலம்போ காசு. படத்தை வாங்க ஆளில்லாமல், தியேட்டர் தியேட்டராக அவர்களே போன் போட்டுத் திரையிட்டார்கள்.

அதில் ஒரு காட்சி. ஃபால்க், தெருக் குழாய் பழுதுபார்க்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. மனைவியுடன் தனியாக இருப்பதாகச் சொன்ன இரவில் குழாய் வெடித்து வேலை வந்துவிட்டது. மறுநாள் காலை, வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டோ என்னவோ, வேலையாட்கள் அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறார். மனைவியாக நடிக்கும் ஜீனா ரோலண்ட்ஸ் முகம் சுளிக்காமல் எல்லாருக்கும் ஸ்பகெட்டி செய்து போடுகிறாள். நீள மேசை, முள்கரண்டிச் சத்தம், ஒருத்தர் பாட ஆரம்பிக்கிறார். அவள் பாடுகிறவரின் முகத்துக்குக் கிட்டத்தில் போய் அதிசயம் போலப் பார்க்கிறாள். கூச்சப்படும் ஒருத்தரை ஆட வா என்று கூப்பிடுகிறாள், விடவில்லை. ஃபால்க் முதலில் சிரிக்கிறார், அப்புறம் சிரிப்பு மட்டும் உதட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அப்புறம் உட்காரடி என்று மேசையே அதிரக் கத்துகிறார். அடுத்த நிமிடம் எல்லாரும் தட்டைப் பார்க்கிறார்கள். அவளை நேசிக்கிறார், நாலு பேர் முன்னால் அவளை நினைத்து வெட்கப்படுகிறார், இரண்டும் ஒரே முகத்தில். கொலம்போவின் சாயல் துளிகூட இல்லை. இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு அவரை ஒற்றை வேட நடிகர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1987-இல் ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் பெர்லினில் எடுத்த படத்தில் ஃபால்க் ஃபால்க்காகவே வருவார். தெருவில் போகும் பையன்கள் "இது கொலம்போ இல்லை?" என்று கேட்டுவிட்டு, "சே, இந்தக் கந்தல் கோட்டில் வருவாரா" என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். முத்திரையை வைத்தே விளையாட்டு.

கடைசிக் காலம் சிரமமானது. அல்சைமர் நோய் வந்து, கொலம்போவாக நடித்ததே அவர் நினைவில் இல்லை என்று 2009-இல் மருத்துவர் நீதிமன்றத்தில் சொன்னார். 2011 ஜூன் 23 அன்று 83 வயதில் காலமானார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், 1973-இல் வந்த ஒயின் தயாரிப்பாளர் கதையைச் சொல்வேன். கொலைகாரராக டொனால்ட் ப்ளெசன்ஸ். அவரைப் பிடிப்பதற்காகவே கொலம்போ ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து உட்கார்ந்து கற்றுக்கொள்வார். கைது செய்து அழைத்துப் போகும் வழியில், அந்த ஓட்டை பெஜோவை ஒயின் ஆலை வாசலில் நிறுத்தி, பின்சீட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுப்பார். இந்த நேரத்துக்கு ஏற்ற ஒயின் அது. கைதி பாட்டிலைப் பார்த்துவிட்டு, நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் லெஃப்டினன்ட் என்பார். என்னிடம் யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை, சார் என்பார் இவர். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பாருங்கள்.