ஸ்கீக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை மெழுகு போட வேண்டும்?

சுவிஸ், பேர்ண் நகரில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பெப்ரவரியில் என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூட ஸ்கீலாகருக்கு, அதாவது பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறார்கள். ஸ்கீபோர்ஸ என்கிற பழைய ஸ்கீச் சந்தையில் பாவித்த ஸ்கீ இரண்டு சோடி வாங்கினோம். ஒவ்வொரு நாளும் மெழுகு போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். வருடத்துக்கு ஒருதடவை போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது? இதை வீட்டிலேயே செய்யலாமா?"

வீட்டிலேயே செய்யலாம். எத்தனை நாள் என்பதற்கு மட்டும் ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. போட்டிக்கு ஓடுகிறவர்கள் தினமும் போடுகிறார்கள், கடைக்காரர் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வருடத்தில் இரண்டு மூன்று நாள் மலைக்குப் போகிறவராக இருந்தால் அவருக்கு ஒருதடவை போதும். உங்கள் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள்.

பேர்னர் ஒபர்லான்ட் மலைப்பகுதியில் ஒரு ஸ்கீ வாடகைக் கடையின் நிலக்கீழ் அறையில் பல குளிர்காலம் மெழுகு போட்டவன் என்ற முறையில் என் கணக்கு இது. குளிரில் விழுந்த மெத்தென்ற இயற்கைப் பனியில் ஓடினால் நான்கு முதல் ஆறு நாளுக்கு ஒருமுறை. இயந்திரம் தூவிய செயற்கைப் பனியிலும் இறுகிய ஐஸிலும் ஓடினால் இரண்டு மூன்று நாளிலேயே மெழுகு தேய்ந்துவிடும். மார்ச், ஏப்ரலில் மத்தியானம் சொதசொதவென்று ஆகிற பனிக்கு முடிந்தால் தினமும். நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், பனியைப் பாருங்கள்.

காரணம் சொன்னால் இது மனதில் நிற்கும். ஸ்கீயின் அடிப்பாகத்தை இங்கே பெலாக் என்பார்கள். அது ஒருவகை பொலித்தீன். ஓடும்போது உரசலில் பனியின் மேல்பூச்சு உருகி மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது, ஸ்கீ அதன்மேல்தான் வழுக்கிப் போகிறது. மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது. அதிகக் குளிரில் பனிமணி கூராகவும் கடினமாகவும் இருப்பதால் பெலாக்கைச் சுரண்டும், அதற்குக் கெட்டியான மெழுகு வேண்டும். ஈரப் பனியில் நிலைமை வேறு. தண்ணீர் கூடிப்போய் அடிப்பாகத்தை உறிஞ்சிப் பிடிக்கும். நல்ல வேகத்தில் வரும் பிள்ளையின் ஸ்கீ நிழலிலிருந்து வெயிலுக்குள் நுழைந்ததும் திடீரென்று பிடிக்கும், உடம்பு மட்டும் முன்னால் போகும். முழங்காலுக்குக் கூடாத இழுப்பு அது. மெழுகு வேகத்துக்காக மட்டும் என்று நினைக்கிற பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பழகுகிற பிள்ளைக்குச் சமதரையில் தள்ளித் தள்ளியே கை ஓய்ந்துபோவதும் பெரும்பாலும் காய்ந்த ஸ்கீயால்தான்.

காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? ஸ்கீயைத் திருப்பி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். மெழுகு இருந்தால் பெலாக் கருமையாக, சற்று மினுங்கும். சப்பாத்து நிற்கிற நடுப்பகுதியில், இரும்பு விளிம்பை ஒட்டி, சாம்பல் பூத்த மாதிரி வெண்மை தெரிந்தால் அங்கே மெழுகு போய்விட்டது. விரலால் தடவினால் அந்த இடம் வறண்டு, மெல்லிய மயிர் முளைத்தது போல் சொரசொரக்கும். திருப்பும்போது விளிம்புதான் அழுத்தம் வாங்குகிறது, அதனால் தேய்வும் அங்கேதான் தொடங்குகிறது. பெலாக் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலைத்தான் நம்ப வேண்டும்.

பிள்ளைகளின் ஸ்கீ பலவற்றில் பிளாஸ்டிக்கை உருக்கிப் பிதுக்கி எடுத்த பெலாக் இருக்கும். அது மெழுகைக் குறைவாகவே குடிக்கும், மெழுகு இல்லாவிட்டாலும் ஓரளவு ஓடும். விலை கூடிய ஸ்கீகளில் பிளாஸ்டிக் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த பெலாக். அது நன்றாகக் குடிக்கும், நன்றாக ஓடும், காயவிட்டால் சோர்ந்துவிடும். உங்கள் பிள்ளைகளுக்கு லாகருக்குப் போகும் முன் ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தேவைப்பட்டால் கையால் தேய்க்கிற மெழுகு ஒன்றைப் பையில் போட்டுவிடுங்கள். அது அரைநாள்தான் தாங்கும், ஆனால் அந்த அரைநாளுக்கு உதவும்.

இனி வேலைக்கு வருவோம். எல்லா வெப்பநிலைக்கும் பொதுவான மெழுகுக் கட்டி ஒன்று, ஸ்கீக்கென்று விற்கிற அயன், பிளாஸ்டிக் சுரண்டி, நைலோன் பிரஷ், இவ்வளவு போதும். துணி அயன் வேண்டாம். அதன் சூடு ஏறி இறங்கும், ஆவி ஓட்டைகளில் மெழுகு போய் அடைக்கும், பிறகு சட்டைக்கும் உதவாது. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு ஸ்கீ அயன் வாங்கினால் செலவு தெரியாது.

ஸ்கீயை முதல்நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து ஈரம் போகக் காயவிடுங்கள். சப்பாத்து கழன்றால் ஸ்கீயைப் பனியில் பிடித்து நிறுத்துகிற கம்பிதான் பிரேக், அதை ரப்பர் பட்டியால் இழுத்துக் கட்டி, பெலாக்கைத் துடையுங்கள். பொது மெழுகுக்கு 120 பாகை செல்சியஸ் அளவு போதும், கட்டியின் உறையில் போட்டிருப்பதைப் பாருங்கள். புகை வந்தால் சூடு கூடிவிட்டது. கட்டியை அயனில் அழுத்தி, நீளத்துக்குச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு அயனை நுனியிலிருந்து வால்வரை நிற்காமல் இழுங்கள். அயனுக்குப் பின்னால் நாலைந்து விரல் அகலத்துக்கு மெழுகு ஈரமாகப் பளபளத்து, அதன் பிறகு மங்கி இறுகிக்கொண்டு வர வேண்டும். அந்த ஈர வால் அயனோடு கூடவே நகர்ந்தால் உங்கள் வேகம் சரி. ஓரிடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். வேலை பழகிய முதல் வருடம் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன், அதற்குள் ஒருவருடைய ஸ்கீயில் பெலாக் கொப்பளித்துவிட்டது. அதைப் பழையபடி ஆக்க முடியவில்லை.

அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். அப்புறம் சுரண்டியால் நுனியிலிருந்து வால் பக்கமாகச் சுரண்டுங்கள். மெழுகு தேங்காய்ப்பூ மாதிரி சுருள் சுருளாக விழும். கீழே பேப்பர் விரிக்காவிட்டால் தரை வழுக்கும், சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் கவனம். இவ்வளவு பாடுபட்டுப் போட்டதை ஏன் எடுக்கிறோம் என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வேண்டியது உள்ளே ஊறியதுதான், மேலே தடிப்பாக நிற்பது ஓட்டத்தைக் கெடுக்கும். சுரண்டி முடித்துப் பிரஷ் போட்டால் பெலாக் மறுபடி கறுத்து மினுங்கும்.

பாவித்த ஸ்கீயோடு யாராவது பழைய மெழுகு டப்பா தந்தால், ஃபுளோர் (ஃபுளோரின் சேர்ந்த இரசாயனம்) கலந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் சமையலறையில் அயன் வைத்து உருக்காதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகிற பொருள் அது. சர்வதேச ஸ்கீ சம்மேளனமே 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதைத் தடைசெய்துவிட்டது.

மெழுகை விட அவசரமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. பைண்டிங், சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற பூட்டு. பாவித்த ஸ்கீயில் அது முந்திய பிள்ளையின் எடைக்கும் சப்பாத்துக்கும் வைத்தபடியே இருக்கும். விழும்போது கழராவிட்டால் கால் முறியும். இதை வீட்டில் திருகாதீர்கள். இரண்டு சோடியையும் பிள்ளைகளின் சப்பாத்தோடு கடைக்குக் கொண்டுபோய் அளந்து வைப்பியுங்கள். பி.எஃப்.யூ எனப்படும் சுவிஸ் விபத்துத் தடுப்பு அமைப்பும் வருடத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்கச் சொல்கிறது. விளிம்பில் துருவோ பெலாக்கில் ஆழமான கீறலோ இருந்தால் அந்தத் தடவை மட்டும் குரோசர் சேர்விஸ் என்கிற முழுப் பராமரிப்புக்குக் கடையில் கொடுத்துவிடுங்கள், மெழுகையும் அவர்களே போட்டுத் தருவார்கள். அடுத்த முறையிலிருந்து நீங்கள் போடலாம்.

ஒவ்வொரு நாளும் ஓடி முடித்ததும் ஸ்கீயைத் துடைத்து வைக்கப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். ஈரத்தோடு பையில் அடைத்தால் ஒரே இரவில் விளிம்பு செம்மை பூக்கும்.

ஏப்ரலில் பருவம் முடிந்ததும் மெழுகைத் தடிப்பாக, இரும்பு விளிம்பையும் மூடும்படி போட்டு, சுரண்டாமல் அப்படியே கெல்லரில் (வீட்டின் நிலக்கீழ் அறையில்) வைத்துவிடுங்கள். நவம்பரில் எடுத்துச் சுரண்டுங்கள். அன்றைக்கே சப்பாத்தையும் பிள்ளைகளுக்குப் போட்டுப் பாருங்கள். கால் வளர்ந்திருந்து சப்பாத்து மாறினால் பைண்டிங்கையும் மறுபடி வைப்பிக்க வேண்டும்.